தரை டிக்கெட்டுக்கும் வரலாறு உண்டு: சேரியின் ரசனை குறித்து

“இவங்களுக்கு சினிமாவும் சீரியலும் இருந்தா போதும், வேற எதைப் பத்தியும் கவலை கிடையாது.” காலனி மக்களைப் பற்றி இப்படிச் சொல்லாத அதிகாரி குறைவு. ஆசிரியர்களும் சொல்கிறார்கள், தொண்டு செய்ய வருகிறவர்களும் சொல்கிறார்கள். நம் இயக்கத் தோழர்களில் சிலரும் வேறு வார்த்தைகளில் இதையே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பார்வையில் ஒரு தலித் பிள்ளை படித்தால் தேர்வுக்குப் படிக்க வேண்டும், பாடினால் போராட்டப் பாட்டு பாட வேண்டும், படம் பார்த்தால் விழிப்புணர்வுப் படம் பார்க்க வேண்டும். வெறுமனே பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு நாவலைப் படிப்பதும், நான்கு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஒரு படம் பார்ப்பதும் நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பார்வையை வரலாற்றின் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். சாதி ஒருநாளும் நம் மகிழ்ச்சியை அற்ப விஷயமாக நினைத்ததில்லை. நாம் எதைப் படிக்கலாம், எங்கே உட்கார்ந்து பார்க்கலாம், எந்த இசையை யாருக்காக வாசிக்க வேண்டும் என்பதையெல்லாம் அது மிகக் கவனமாகக் காவல் காத்தது. காவல் மீறப்பட்டபோது கல்லும் தடியும் தீயும் வந்தன. எதிரி இவ்வளவு முக்கியம் கொடுத்த ஒன்றை நாம் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா?

புத்தகம்

1907 ஜூன் மாதம் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்தது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பெயராகியிருந்தது. நடத்தியவர் சித்த மருத்துவரான பண்டிதர் அயோத்திதாசர். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் மாறிய அந்த இதழை இன்று எடுத்துப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஆச்சரியம் தருவது அதன் கலவைதான். பௌத்த வரலாறு, இலக்கண விவாதம், குறளுக்கு உரை, மருத்துவக் குறிப்பு, நாட்டு நடப்பு, வாசகர் கேள்விக்குப் பதில் எல்லாம் ஒரே இதழில் கிடக்கும். ஒடுக்கப்பட்டவர்களுக்கு இது மட்டும் போதும் என்று அவர் எதையும் அளந்து கொடுக்கவில்லை. தமிழில் இருந்த அனைத்தின் மீதும் தமக்கு உரிமை உண்டு என்ற தோரணையில் எழுதினார். தம் பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அவர் பதிவு செய்ததும் இந்த உரிமைக் கோரலின் ஒரு பகுதியே. அவருக்கு முன்பே, 1893-ல், இரட்டைமலை சீனிவாசன் இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே எடுத்து ‘பறையன்’ என்று தம் பத்திரிகைக்கு வைத்திருந்தார்.

பாபாசாகேப் அம்பேத்கரைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது அவருடைய பட்டங்களைத்தான் அதிகம் சொல்கிறோம். ஆனால் பட்டத்துக்குத் தேவையானதை மட்டும் படித்தவர் அல்ல அவர். மும்பை தாதரில் 1930-களில் அவர் கட்டிய ராஜகிருகம், புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதை மனதில் வைத்துக் கட்டப்பட்ட வீடு. பள்ளியில் உட்காருவதற்குத் தனியாகக் கோணிச் சாக்கு கொண்டுபோன ஒரு சிறுவன் வளர்ந்து, நாட்டின் பெரிய தனியார் நூலகங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரானார். பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொள்ளவும் முயன்றார். அரசியல் சட்ட வேலையும் மதமாற்ற யோசனையும் உடல்நலக் குறைவும் சூழ்ந்திருந்த மனிதருக்கு வயலின் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, முழு மனிதராக வாழ்வது என்றால் என்னவென்றே விளங்கவில்லை என்றுதான் பொருள். அந்த ராஜகிருகத்தின் மீது 2020 ஜூலையில் தாக்குதல் நடந்தது. ஜன்னல் கண்ணாடியும் பூந்தொட்டிகளும் உடைக்கப்பட்டன. புத்தகங்கள் குடியிருந்த வீடு இன்னமும் யாரையோ உறுத்துகிறது.

தமிழில் நம் வாழ்க்கை நாவலாக வந்தபோதும் அழுகை மட்டும் வரவில்லை. பூமணியின் ‘பிறகு’ 1979-ல் வந்தது, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-ல். 1992-ல் ‘கருக்கு’ எழுதிய பாமா, 1996-ல் ‘கிசும்புக்காரன்’ கதைகளைக் கொடுத்தார். தெருவில் நம் பெண்கள் பேசும் நக்கலும் நையாண்டியும் அந்தக் கதைகளில் அச்சேறின. ஆண்டையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நாம் என்பது புள்ளிவிவரத்தில் வராத உண்மை. அது இலக்கியத்தில்தான் வந்தது.

இசை

இசையில் நம் கதை சற்றுச் சிக்கலானது. மற்றவற்றில் நம்மை வெளியே நிறுத்தினார்கள். இசையில் நம்மைக் கட்டாயப்படுத்தி வாசிக்க வைத்தார்கள். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, தண்டோரா போடு என்று பறை நம் தோளில் தொழிலாகச் சுமத்தப்பட்டது. அதனால்தான் நம் முன்னோர் பலருக்கு விடுதலை என்பது பறையை இறக்கி வைப்பதாக இருந்தது. தென்னார்க்காடு பகுதியில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னெடுத்தார். பின்னாளில், 1965-ல் ஒன்றிய அரசு அமைத்த தீண்டாமை குறித்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969-ல் அறிக்கை கொடுத்தவர் இவர்தான். அடிக்க மாட்டோம் என்று சொன்ன பல ஊர்களில் வேலை மறுப்பும் ஊர்விலக்கும் அடிதடியும் நடந்தன. ஒரு வாத்தியத்தை வாசிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக மனிதர்களின் அடுப்பு அணைக்கப்பட்டது.

அடுத்த தலைமுறை அதே பறையைக் கழுவி, தீயில் காய்ச்சி, மேடைக்குக் கொண்டுவந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தூக்கி ஆடினார்கள். ஆண்களின் வாத்தியம், சாவு வாத்தியம் என்ற இரண்டு பேச்சுக்கும் அந்த ஆட்டமே பதிலானது. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மறுத்ததும் மீட்டதும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. அடி என்று சொன்னவனுக்காக அடிப்பதற்கும், பிடித்திருக்கிறது என்று நாமே அடிப்பதற்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது.

சபாக்கள் இருந்தன, ஆனால் அவை நமக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நமக்கு இசையைக் கொண்டுவந்தது இயந்திரம். கோன் ஸ்பீக்கரும் டேப் ரெக்கார்டரும் யார் தெரு என்று கேட்டுப் பாடுவதில்லை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சவுண்டு சர்வீஸ் வைத்து, விடிய விடிய சினிமாப் பாட்டு போட்ட காலனிகளில் ஊர்க்காரர்கள் வந்து சத்தத்தைக் குறை என்று சண்டை போட்ட கதைகள் எங்கள் களப்பணியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே ஒலிபெருக்கி ஊர்க் கோயிலில் அலறும்போது யாருக்கும் காது வலித்ததில்லை. சத்தத்தின் அளவு பிரச்சினையாக இருந்ததே இல்லை. இவர்களுக்கும் விழாவா என்பதுதான் பிரச்சினை.

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியது. கானா, ராக், ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். சாதியற்றவர்கள் என்று அயோத்திதாசர் தம் மக்களைச் சொன்னதிலிருந்து எடுத்த பெயர் அது. ஆண்கள் நிறைந்த கானா உலகிலிருந்து அந்தக் குழுவுக்கு வந்த பாடகி இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கானாவை வடசென்னையின் குப்பை என்று பேசிய நகரம் அதற்கு டிக்கெட் வாங்கி வந்து கைதட்டியது.

திரை

சினிமா கொட்டகையைப் பற்றிப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்கலைக் கூடம் சினிமா அரங்குதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு. கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்களும் தெருக்கூத்தை எட்ட நின்று பார்த்தவர்களும் டூரிங் டாக்கீஸின் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் 1939-ல்தான் நுழைந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பேசும் படம் தமிழில் வந்தது 1931-ல். பல பேருக்குக் கடவுளே முதலில் திரையில்தான் தரிசனம் கொடுத்திருப்பார். தரை டிக்கெட் மலிவானதுதான், ஆனால் அதை வாங்கியவரை யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாது. நடைமுறையில் எல்லா ஊர்க் கொட்டகையும் அப்படி இருந்துவிடவில்லை. கொட்டகைக்கு வரும் வழியிலும் டீக்கடையிலும் தீண்டாமை காத்திருந்தது. இருந்தாலும் விளக்கு அணைந்த பிறகு அந்த மூன்று மணி நேரம் வேறு ஒரு நாடு இருந்தது.

இருட்டில் கிடைத்த இந்தச் சமத்துவம் வெளிச்சம் விழுந்த திரைக்குப் போகவில்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்தவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். கதாநாயகி பி.கே. ரோஸி, நம் சமூகத்துப் பெண். அவர் நடித்தது நாயர் பெண்ணாக. திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் படம் காட்டப்பட்டபோது திரையை நோக்கிக் கல் பறந்தது. ரோஸி துரத்தப்பட்டு, தமிழ்ப் பகுதிக்கு வந்து, தாம் நடிகை என்பதையே வெளியே சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1935-ல், தமிழில் ‘பக்த நந்தனார்’ வந்தது. சேரியில் பிறந்த நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. சுந்தராம்பாளின் குரலைக் குறைத்துச் சொல்வதல்ல எங்கள் நோக்கம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் வாழ்க்கையை மற்றவர் நடித்தால் அது கலை. மற்றவர் வாழ்க்கையை நாம் நடித்தால் கல்.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நாம் ரசிகர்களாக இருந்தோம். கட்அவுட்டுக்குச் சாரம் கட்டினோம், விசில் அடித்தோம், மீசை முறுக்கிய சாதிப் பெருமிதப் படங்களையும் பாட்டுக்காகப் பார்த்தோம். அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்து எதை ரசிப்பது, எதை விழுங்காமல் துப்புவது என்று கற்றுக்கொண்ட பிள்ளைகளே பிறகு கேமராவுக்குப் பின்னால் போனார்கள். 2012-ல் ‘அட்டகத்தி’, 2014-ல் ‘மெட்ராஸ்’, 2018-ல் ‘காலா’, ‘பரியேறும் பெருமாள்’. பூமணி 1982-ல் எழுதிய ‘வெக்கை’ 2019-ல் ‘அசுரன்’ ஆனது. ‘அட்டகத்தி’யில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, அதில் சேரிப் பையன் அடிவாங்கிச் சாவதற்காகப் படைக்கப்படவில்லை என்பதுதான். அவன் காதலிக்கிறான், அசடு வழிகிறான், பஸ்ஸில் தொங்குகிறான். நம் பிள்ளைகளுக்கும் சாதாரணமாக அசடு வழிய உரிமை உண்டு என்று சொல்ல ஒரு படம் தேவைப்பட்டது.

சின்னத்திரை

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பெட்டி வாங்கும் வசதி ஊருக்குள்தான் முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க ஊர்க்காரர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் கதையை எந்தக் காலனியில் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் மனம் வைத்தால் ஜன்னல் திறந்திருக்கும், இல்லையென்றால் முகத்தில் சாத்தப்படும். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வழங்கப்பட்டன. ஓட்டுக்கான இலவசம் என்று அதை விமர்சித்தவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றிராதவர்களுக்கு அந்தப் பெட்டியின் முழு எடை தெரியாது.

அதன் எடை யாருக்குத் தெரியும் என்றால், அதை உடைக்க வந்தவர்களுக்குத் தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் தலைநிமிர்ந்த ஊர் அது. டிவி, ஃபேன், ரேடியோ, தையல் மெஷின் எல்லாம் உடைக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு நாசமாக்கப்பட்டது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அங்கும் டிவியும் பீரோவும் வண்டியும் படிப்புச் சான்றிதழ்களும்தான் தேடித்தேடி அழிக்கப்பட்டன. திருட வந்தவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போவான். உடைத்துவிட்டுப் போகிறவன் வேறொரு செய்தி சொல்கிறான்: நீ மாலையில் வேலை முடித்து வந்து, சொந்த வீட்டில், காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் போலவே படம் பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சீரியலையும் சும்மா தள்ளிவிட முடியாது. தமிழ் சீரியல்களின் பெரிய வீடுகளுக்குச் சாதிப் பெயர் கிடையாது. ஆனால் பூஜை அறையையும் கல்யாணப் பேச்சையும் பார்த்தால் அது யாருடைய வீடு என்று தெரிந்துவிடும். நம் பெண்கள் அதை அறியாமல் பார்க்கவில்லை. மாமியாரைத் திட்டிக்கொண்டே, கதாநாயகியின் முட்டாள்தனத்தைக் கிண்டலடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். நாங்கள் நடத்தும் மகளிர் குழுக் கூட்டங்களில் குடும்ப வன்முறை பற்றி நேராகக் கேட்டால் மௌனம்தான் பதில். நேற்றைய எபிசோடைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பக்கத்துக் கர்நாடகத்தில் 2020-ல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் தொடர் கன்னடத்தில் ‘மகாநாயக’ என்று ஒளிபரப்பானது. ஊர் ஊராக மக்கள் தங்கள் செலவில் அந்தத் தொடருக்குப் பேனர் வைத்தார்கள். தொடரை நிறுத்தச் சொல்லி அந்தத் தொலைக்காட்சிக்கு மிரட்டலும் வந்தது. ஒரு சீரியலுக்குப் பேனர் வைக்கிற மகிழ்ச்சியும், ஒரு சீரியலை நிறுத்தத் துடிக்கிற கோபமும் ஒரே உண்மையிலிருந்து வருகின்றன.

இப்போது என்ன செய்வது?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, ரசனை என்பது தனிமனித விருப்பம் மட்டுமல்ல, வர்க்கங்கள் தங்களைப் பிரித்துக்காட்டும் வேலி என்று 1979-ல் விரிவாக எழுதினார். நம் நாட்டில் அந்த வேலி பிறப்பால் போடப்பட்டது. வேலியைத் தாண்டும் வழி, அவர்களுடைய ரசனையைக் கடன் வாங்குவதும் அல்ல, நம்முடையதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காருவதும் அல்ல. ‘தமிழன்’ இதழ் காட்டிய வழி வேறு. எல்லாம் என்னுடையது, எதை எடுப்பது என்பதை நானே முடிவு செய்வேன் என்பதே அது. கானாவும் கேட்போம், கர்நாடக இசையும் கேட்போம். இமையத்தையும் படிப்போம், துப்பறியும் கதையும் படிப்போம். கொரியத் தொடர் பார்க்கும் பெண்பிள்ளையை யாரும் முறைக்க வேண்டாம். பலவற்றைப் பார்த்தவரை ஒரே கதையைச் சொல்லி ஏமாற்ற முடியாது.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு உதவி கேட்டால், மதிப்பெண் எவ்வளவு கூடியது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கதைப் புத்தகம், கேரம் போர்டு, மாதம் ஒரு படம் என்று பட்டியல் கொடுத்தால் அந்த வரிகள் மட்டும் அடிக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதே பட்டியல் ஆளுமை வளர்ச்சி என்ற பெயரில் பணம் கொடுத்து வாங்கப்படுகிறது.

ஆகவே சில கோரிக்கைகளை இங்கே வைக்கிறோம். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியை நாமும்தான் கட்டுகிறோம். ஊராட்சி நூலகங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருப்பவையும் பெரும்பாலும் ஊர்ப் பக்கம் இருக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டும், காலனிப் பக்கமும் கிளை வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். மாணவர் விடுதிகளில் வழிகாட்டி நூல்களுக்குப் பக்கத்தில் நாவலும் படக்கதையும் வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்ட பிறகு, தெருவில் திரை கட்டி எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பாருங்கள். அது அம்பேத்கர் படமாக இருந்தால் நல்லது. வடிவேலு நகைச்சுவையாக இருந்தாலும் தவறில்லை.

கல்வி, வேலை, நிலம், பாதுகாப்பு எல்லாம் கேட்போம், விடமாட்டோம். அவற்றை வாங்கிய பிறகு நிம்மதியாக உட்கார்ந்து எதையாவது ரசிக்கத்தானே அவை அனைத்தும்? அந்த நாள் வரும்வரை சிரிக்காமல் இருங்கள் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஜெய் பீம்.